மூடி கடைசியில் திறக்கட்டும்

பழைய வண்டியில் கூலன்ட் மாற்றினால் பட்டறைத் தரை நனையத்தான் செய்யும் என்பது விருதுநகர், சாத்தூர், சிவகாசி வட்டாரத்தில் கேள்வி கேட்காமல் ஏற்கப்பட்ட நம்பிக்கை. தரை நனைவதற்குக் காரணம் வண்டியின் வயது அல்ல, நாம் வேலை செய்யும் வரிசை. அவசரத்தில் நேராக லோயர் ஹோஸின் கிளிப்பைத் தளர்த்தி ஹோஸைப் பிடுங்குகிறோம். அவ்வளவு பெரிய வாய் திறந்துகொண்டதும் உள்ளே இருந்த அத்தனையும் ஒரே மூச்சில் இறங்கி, கிராஸ் மெம்பரில் மோதி நாலாபக்கமும் தெறிக்கிறது. கீழே எவ்வளவு அகலமான தட்டு வைத்தாலும் பாதிதான் அதில் சேரும். அதே ரேடியேட்டரின் அடியில், ஒரு மூலையில், பெரும்பாலான வண்டிகளில் சின்னதாக ஒரு டிரெயின் பிளக் இருக்கிறது. கிரீஸும் புழுதியும் அப்பிக் கிடப்பதால் அது யார் கண்ணிலும் படுவதில்லை. பெட்ரோல் போட உதவும் ரப்பர் டியூபில் ஒரு முழம் நறுக்கி அதன் மூக்கில் செருகி, மறுமுனையை டின்னுக்குள் விட்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்தது. எண்ணெய் வியாபாரத்துக்குப் பேர்போன விருதுநகரில் 15 கிலோ தகர டின்னுக்கா பஞ்சம்?

மீதிப் பாதியைத் தீர்ப்பது ரேடியேட்டர் மூடி. வண்டியிலேயே மிகக் குறைவாக மதிக்கப்படும் உறுப்பு எதுவென்றால் இதைத்தான் சொல்வேன். கழற்றிக் கவிழ்த்துப் பாருங்கள். பெரிய ஸ்பிரிங் ஒன்று ஒரு ரப்பர் வளையத்தை அழுத்திப் பிடித்திருக்கும். உள்ளே அழுத்தம் அளவு மீறும்போது அது மேலெழுந்து வழிவிடும். அதன் நடுவில் சிறிய பித்தளை வட்டு ஒன்று, நகத்தால் இழுத்தால் லேசாக ஆடும். இது எதிர்த்திசைக்கான வால்வு. இன்ஜின் ஆறும்போது கூலன்ட் சுருங்கி உள்ளே வெற்றிடம் உண்டாகும். அப்போது இந்த வட்டு திறந்து, ரிசர்வ் டப்பாவில் இருப்பதைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும். காலையில் மேல் ஹோஸ் சப்பையாக ஒட்டிக் கிடந்தால் இந்த வட்டு மாட்டிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். ஹோஸை மாற்றிப் பயனில்லை. இப்போது நன்றாக ஆறிய இன்ஜினில், மூடியைத் தொடாமல் டிரெயின் பிளக்கை மட்டும் திருகினால் என்ன நடக்கும்? இறங்கும் திரவத்தின் இடத்தை நிரப்பக் காற்று வர நேர்வழி இல்லை. வெற்றிடம் உண்டாகி வட்டு திறக்கிறது. ரிசர்வ் டப்பாவில் இருப்பது ரேடியேட்டருக்குள் இழுக்கப்பட்டு, அதுவும் சேர்ந்து கீழே வடிகிறது. தனியாகக் கழற்றிக் கவிழ்க்க வேண்டிய டப்பா தானாகக் காலியாகிவிடுகிறது. ஒழுக்கும் மெலிதாகவே இருக்கும். அதற்குப் பிறகு மூடியைத் திறந்தால் வேகம் கூடும், மறுபடி அமுக்கி மூடினால் தணியும். ஆக, ஓட்டத்தின் கடிவாளம் மேலே இருக்கிறது. நாமோ அதை முதலிலேயே கழற்றி எறிந்துவிட்டுக் கீழே தட்டை நகர்த்தி நகர்த்தி வைத்துக்கொண்டிருக்கிறோம். சூடான இன்ஜினில் மட்டும் இந்த விளையாட்டே கூடாது. ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் தாங்கும் மூடிக்குக் கீழே வெறும் தண்ணீர்கூட 120 டிகிரி செல்சியஸை ஒட்டித்தான் கொதிக்கும். அழுத்தம் விடுபட்ட நொடியில் அது நீராவியாகப் பாய்ந்து முகத்தை வேக வைத்துவிடும்.

பனியே பெய்யாத ஊரில், உறைபனிக்காகக் கண்டுபிடித்த திரவம் எதற்கு, போர் தண்ணி ஊற்றினால் சிந்தினாலும் கவலையில்லையே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். வெப்பத்தைச் சுமப்பதில் சுத்தமான தண்ணீர் கூலன்ட் கலவையைவிடக் கெட்டிக்கார திரவம் என்பதும் உண்மை. ஆனால் இந்த வட்டாரத்துப் போர் தண்ணி பெரும்பாலும் உப்பும் சுண்ணாம்பும் கரைந்த கடினநீர். சூடான உலோகத்தில் பட்டதும் சுண்ணாம்பு வெள்ளையாகப் படிந்து, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களை அடைக்கிறது. கூலன்ட்டில் உள்ள துருத்தடுப்பு மருந்துகளுக்காகத்தான் அதை ஊற்றுகிறோம். உறையாமை என்பது நமக்குத் தேவையில்லாத உபரி. கலக்குவதற்குப் பேட்டரி தண்ணியே ஏற்றது.

சிந்தக் கூடாது என்று அடம் பிடிப்பதற்கு வேறு காரணம் உண்டு. பெரும்பாலான கூலன்ட்டின் அடிப்படை எத்திலீன் கிளைக்கால். அது இனிக்கும். தேங்கிய கூலன்ட்டை நாய் நக்கினால் ஈரல் அதை ஆக்ஸாலிக் அமிலமாக மாற்றுகிறது. அது ரத்தத்தின் கால்சியத்தோடு சேர்ந்து படிகமாகிச் சிறுநீரகத்தை அடைக்கிறது. சுண்ணாம்பாக ரேடியேட்டரில் செய்த வேலையைக் கால்சியம் உடம்புக்குள்ளும் செய்கிறது. தண்ணீர் கலக்காத கிளைக்கால் என்றால் ஒரு பூனைக்கு ஒரு டீஸ்பூனே எமன். 25 கிலோ நாய்க்கு ஒரு டம்ளர் போதும். இதே மாவட்டத்து இராஜபாளையம் நாய்க்கு 2005-இல் தபால்தலை வெளியிட்டுப் பெருமைப்பட்டோம். அதன் நாக்கு எட்டும் உயரத்தில்தான் பட்டறை வாசல் குட்டைகளும் கிடக்கின்றன.

மண்ணில் ஊற்றினால் கிருமிகள் தின்றுவிடும் என்று படித்தவர்களே வாதிடுவார்கள். கிளைக்காலைப் பொறுத்தவரை அது சரி. மண்ணின் நுண்ணுயிர்கள் அதை நாள், வாரக் கணக்கில் சிதைத்துவிடும். ஆனால் பழைய வண்டிகளின் ரேடியேட்டர் செம்பும் பித்தளையும் சேர்த்து, ஈயம் கலந்த பற்றில் ஒட்டியது. ஆண்டுக்கணக்கில் சுற்றிய கூலன்ட்டில் அந்த ஈயமும் கொஞ்சம் கரைந்திருக்கும். ஈயத்தைத் தின்னும் கிருமி எதுவும் இல்லை. கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் கரிசலில் ஊற்றுவது நேராக நிலத்தின் வயிற்றுக்குள் இறங்கும். பட்டாசு ஆலையில் கீழே சிந்திய மருந்தை அப்படியே விட்டு நகரக் கூடாது என்பது முதல்நாள் வேலைக்கு வருபவருக்கும் தெரிந்த பாடம். ஆலைக்கு லோடு ஏற்றும் லாரியின் அடியில் மட்டும் அந்தப் பாடம் ஏன் செல்லாமல் போகிறது? வடித்ததை மூடியுள்ள கேனில் பெயர் எழுதித் தனியே வைக்க வேண்டும். கழிவு ஆயிலோடு கலந்தால் இரண்டும் கெடும். குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைப்பதைப் போன்ற பைத்தியக்காரத்தனம் வேறில்லை.

நடைமுறையில் ஒரு தடை உண்டு: டிரெயின் பிளக் துருப்பிடித்து இறுகியிருக்கும், பிளாஸ்டிக் என்றால் முறுக்கியதும் உடையும். ஒருமுறை பாந்தமாக முயன்று அசையாவிட்டால் விட்டுவிடுவதே புத்தி. அப்போது லோயர் ஹோஸ்தான் வழி, ஆனால் பிடுங்கக் கூடாது. மூடியை இறுக மூடியபடியே கிளிப்பைப் பின்னுக்குத் தள்ளி, ஹோஸை அந்த இடத்திலேயே இடமும் வலமுமாகத் திருகி, ஓரத்தில் மழுங்கிய ஸ்குரூ டிரைவரைச் செருகி ஒரு கீற்று மட்டும் திறந்தால், டின்னுக்குள் நூலாக இறங்கும். ரேடியேட்டர் காலியானாலும் இன்ஜின் பிளாக்கில் கணிசமான மிச்சம் நிற்கும். அதற்கும் ஒரு பிளக் பக்கவாட்டில் உண்டு. திறந்தும் ஒன்றும் வராவிட்டால் உள்ளே தண்ணீர் இல்லை என்று அர்த்தமில்லை. சேறு அடைத்திருக்கும், ஒரு கம்பியால் குத்திவிட்டால் வரும். குத்துவதற்கு முன் டின்னை அங்கே நகர்த்திக்கொள்ளுங்கள்.