ஆட்டுக்கல்லில் குழவி போல

தூத்துக்குடியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வேல்ஸில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போனவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக்குக் கூட்டிப் போயிருக்கிறார்கள். பாறை முழுக்கச் சின்னச் சின்னக் கூம்புகளாக ஓடுகள் ஒட்டியிருந்தனவாம். அவற்றுக்கு லிம்பெட் என்று பெயர், எல்லாம் உயிருள்ளவை என்று பேரன் சொன்னானாம். “மூன்று மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஒன்றுகூட அசையவில்லை. உயிர் இருந்தால் எதைத் தின்னும்?” என்று கேட்கிறார்.

கார்டிஃபில் குடியிருந்த ஐந்து வருடங்களில், விடுமுறை நாளென்றால் நாங்கள் போனதெல்லாம் சதர்ண்டவுன் கடற்கரைக்குத்தான். முதல் தடவை புளியோதரைப் பொட்டலத்தோடு போய் இறங்கியதும் மகள் கேட்டது, “கடல் எங்கே?” சென்னைக் கரையில் ஏற்றமும் வற்றமும் ஏறத்தாழ ஒரு மீட்டரோடு முடிந்துபோகும். பிரிஸ்டல் கால்வாயோரம் அப்படியில்லை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெரிய ஓத நாட்களில் கார்டிஃபில் நீர்மட்டம் 12 மீட்டர் அளவுக்கு ஏறி இறங்கும். நான்கு மாடி உயரம். காலையில் பிள்ளைகள் பந்து விளையாடிய மணல் சாயங்காலம் தண்ணீருக்கடியில் கிடக்கும். ஓத அட்டவணை பார்க்காமல் யாரும் அங்கே போவதில்லை.

வாசகியின் கேள்விக்கு விடை இந்த அட்டவணையில்தான் இருக்கிறது. நாம் பாறைக்குப் போவது தண்ணீர் வற்றிய நேரத்தில். லிம்பெட்டுக்கோ அது கதவைச் சாத்திக்கொண்டு வீட்டிலிருக்கும் நேரம். வெயிலில் உடம்பு காய்ந்துவிடாதபடி ஓட்டைப் பாறையோடு இறுக்கி, உள்ளே கொஞ்சம் ஈரத்தைக் காத்து வைத்திருக்கும். கடல் ஏறி மூடியதும் கிளம்பும். ஈரமான இரவென்றால் தண்ணீர் இல்லாவிட்டாலும் கிளம்புவதுண்டு. நத்தையின் உறவுதானே, ஒற்றைக் காலால் ஊர்ந்துபோய்ப் பாறை மேலுள்ள பாசியைச் சுரண்டித் தின்னும்.

சுரண்டும் நாக்கு ஓட்டை விட நீளம். வரிசை வரிசையாகப் பற்கள் பதித்த அரம் அது. ஒவ்வொரு பல்லும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. முன்வரிசை தேயத் தேயப் பின்னாலிருந்து புது வரிசை வந்துகொண்டே இருக்கும். பல்லுக்கு உறுதி தருவது கோத்தைட் என்ற இரும்புக் கனிமம். துருவிலும் செம்மண்ணிலும் இருப்பது. அதை மயிரிழையை விடப் பன்மடங்கு மெல்லிய நார்களாக அடுக்கி வைத்திருக்கிறது இந்தப் பிராணி. 2015இல் போர்ட்ஸ்மத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்தப் பல்லை இழுத்துச் சோதித்தார்கள். அதுவரை உயிர்ப்பொருள்களில் உறுதியில் முதலிடம் பெற்றிருந்த சிலந்தி இழையை அது மிஞ்சிவிட்டது.

ஆனால் நான் மெய்மறந்து நின்றது பல்லைப் பார்த்தல்ல. மேய்ந்து முடிந்ததும் லிம்பெட் கிளம்பிய இடத்துக்கே திரும்புகிறது. பக்கத்து இடத்துக்கு அல்ல, அதே இடத்துக்கு, அதே திசை பார்த்து.

ஆச்சி வீட்டு ஆட்டுக்கல்லை நினைத்துக்கொள்கிறேன். அந்தக் குழவி அந்தக் குழியில்தான் சரியாகச் சுழலும். இன்னொரு வீட்டுக் குழவியைக் கொண்டுவந்து போட்டால் தடதடவென்று ஆடும். வருடக்கணக்கில் ஒன்றையொன்று தேய்த்துப் பொருந்தியவை அல்லவா! லிம்பெட்டும் அப்படியே. மென்மையான பாறையென்றால் ஓடு பாறையைத் தேய்த்து வட்டமாக ஒரு தழும்பு உண்டாக்கிவிடும். கடினமான பாறையென்றால் ஓட்டின் விளிம்பு அந்த இடத்தின் மேடுபள்ளத்துக்கு ஏற்பத் தேய்ந்துகொள்ளும். வேறு எங்கே உட்கார்ந்தாலும் விளிம்பில் இடைவெளி விழும், ஈரம் போய்விடும். அதனால்தான் வீடு திரும்புவது அதற்கு உயிர்ப் பிரச்சினை. போகும் வழியில் விட்டுச்செல்லும் கோழைத் தடத்தைப் பிடித்துக்கொண்டு திரும்புகிறது என்று கண்டிருக்கிறார்கள். ஆனால் தடத்தைத் தேய்த்துக் கழுவிவிட்டாலும் சில வந்து சேர்ந்துவிடுகின்றன!

வெல்ஷ் மொழியில் இதற்கு ‘கிடாயின் கண்’ என்று பொருள்படும் பெயர் உண்டு. பாறையிலிருந்து நம்மையே பார்ப்பது போலத்தான் இருக்கும். அந்தக் கண்ணைக் காலால் எட்டி உதைப்பதைப் பெரியவர்களே பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன். தொட்டு எச்சரித்துவிட்டால் உடும்புப் பிடிதான், அசைக்க முடியாது. எதிர்பாராத நேரத்தில் ஒரு உதை விட்டால் பெயர்ந்துவிடும். பெயர்ந்ததைத் திரும்ப எங்கேயோ ஒட்டி வைத்தால் பாவம் தீர்ந்தது என்று நினைக்கிறார்கள். அதன் குழி அதுவல்லவே. காய்ந்து சாகும், இல்லையென்றால் கடற்பறவை கொத்திப் போகும்.

ஒரு நத்தை போனால் என்ன என்று கேட்பவர்களுக்கு 1967ஐச் சொல்வேன். அந்த மார்ச்சில் டோரி கேன்யன் என்ற எண்ணெய்க் கப்பல் கார்ன்வால் அருகே பாறையில் மோதியது. கப்பலில் ஒரு லட்சம் டன்னுக்கு மேல் கச்சா எண்ணெய். கரையைக் கழுவ ஆயிரக்கணக்கான டன் சலவைத் திரவத்தைக் கொட்டினார்கள். எண்ணெய்க்குத் தப்பிய லிம்பெட்டுகள் சலவைத் திரவத்தில் செத்தன. மேய ஆளில்லாத பாறைகளில் முதலில் பச்சைப் பாசி படர்ந்தது, பிறகு பழுப்புக் கடற்பாசி காடாக மண்டியது. திரவம் அதிகம் கொட்டிய கரைகள் பழைய நிலைக்கு வரப் பத்து வருடங்களுக்கு மேல் ஆனது. கழுவாமல் விட்ட இடங்களில் லிம்பெட்டுகள் எண்ணெய்ப் படலத்தையும் பாசியோடு சேர்த்துச் சுரண்டின. பொறுமையில்லாத கைக்குப் பாறையின் கணக்கு புரிவதில்லை.

வாசகி அடுத்த முறை போகும்போது ஒரு குப்பி நகப்பூச்சு கொண்டுபோகட்டும். நாங்கள் அப்படித்தான் செய்தோம். ஏழு லிம்பெட்டுகளைத் தேர்ந்தெடுத்து, ஓட்டிலிருந்து பாறை வரை ஒவ்வொன்றுக்கும் ஒரே கோடாகச் சிவப்புப் பூச்சை மகள் இழுத்தாள். இரண்டு வாரம் கழித்து, அடுத்த பெரிய ஓதம் வற்றிய நேரத்தில் போய்ப் பார்த்தோம். நடுவில் கடல் இருபத்தைந்து தடவைக்கு மேல் ஏறி இறங்கியிருக்கும். ஆறு இடங்களில் ஓட்டுக் கோடும் பாறைக் கோடும் நூல் பிடித்த மாதிரி சேர்ந்திருந்தன. ஏழாவது இடத்தில் வட்டத் தழும்பு மட்டும் இருந்தது, பாறைப் பக்கத்துப் பாதிக் கோட்டோடு.