கிடங்கு வண்டிச் சாரதிகள்

செங்குன்றம் முதல் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வரையில் சென்னையைச் சுற்றிலும் பெரிய பெரிய சரக்குக் கிடங்குகள் எழுந்துள்ளமை நேயர்கள் அறிந்ததே. முன்னாட்களில் மூட்டை சுமக்கும் தொழிலாளிகள் முதுகால் செய்த வேலையை இப்பொழுது அவற்றினுள்ளே செய்வது போர்க்லிப்ட் என்னும் வண்டி. இரண்டு இரும்பு நாக்குகளை முன்னே நீட்டி, பேலட் என்னும் பலகைத் தட்டோடு சரக்கைத் தூக்கி, ஆளுயரத்திற்கு இரண்டு மூன்று மடங்கு மேலுள்ள அடுக்கில் அது வைத்து விடுகிறது. அதன் ஆசனத்தில் அமர்ந்திருப்பவரைக் குறித்துச் சில வார்த்தை எழுதக் கருதினோம்.

சமீபத்தில் அத்தகைய கிடங்கொன்றிற்குச் செல்ல நமக்கு நேர்ந்தது. வாயிலில் லாரி காத்திருந்தது. நீண்டதொரு யந்திரப் பெட்டியைத் தூக்கும்படி மேற்பார்வையாளர் ஆக்ஞாபித்தார். சாரதியோ கீழே இறங்கி, பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, “இந்த வண்டிக்கு இது தாங்காது சார், பெரிய வண்டி வரட்டும்” என்றார். மேற்பார்வையாளருக்குக் கோபம் வந்தது. “எடை சரியாகத்தானே இருக்கிறது?” என்று அதட்டினார்.

எடை சரிதான். ஆயினும் சாரதி சொன்னதே நியாயம். இவ்வண்டி தராசுக்கோல் போன்றது. முன் சக்கரங்களே அதன் நடுத்தானம். பின்புறத்துக் கனத்த இரும்பு, முன்புறத்துச் சரக்கிற்கு ஈடு கொடுக்கிறது. ஒன்றரை டன் தூக்கும் என்று தகட்டில் பொறித்திருந்தால், சரக்கின் நடுப்பாகம் நாக்குகளின் அடிப்புறத்திலிருந்து சாதாரணமாக அரை மீட்டருக்குள் இருக்கும்போதுதான் அவ்வளவு என்று பொருள். பெட்டி நீண்டு, நடுப்பாகம் முன்னே தள்ளிப் போகப் போக, வண்டியின் சக்தி குறையும். மிக உயரத் தூக்கினாலும் அப்படியே. இதை அறியாது தூக்கினால் பின் சக்கரங்கள் தரையை விட்டு எழும்பும். அச்சக்கரங்களே வண்டியைத் திருப்புபவை. ஆகவே சாரதியின் வசத்தில் ஒன்றும் இராது.

மோட்டார் கார் ஓட்டத் தெரிந்தவனுக்கு இது பெரிதா என்று கேட்போர் உளர். காரில் திரும்புவது முன் சக்கரம். இதிலோ பின் சக்கரம். திருப்பத்தில் வால்புறம் அகலமாக வீசி, பக்கத்தில் நிற்பவனைச் சுவரோடு நசுக்கிவிடும். வண்டி பக்கவாட்டில் சாய்ந்தால் எவனுக்கும் வெளியே குதிக்கவே தோன்றும். குதித்தவன் மேற்கூரைக் கம்பிகளின் அடியில் அகப்பட்டு மடிகிறான். பட்டையைக் கட்டிக்கொண்டு, கால்களை ஊன்றி, சாயும் திசைக்கு எதிர்ப்புறமாக உடலைச் சாய்த்து உள்ளேயே இருப்பவன் பிழைக்கிறான். தானாகத் தோன்றாத இப்புத்தியை ஒருவர் முன்கூட்டிக் கற்பித்தாலொழிய எப்படி வரும்?

அமெரிக்காவில் 1998 டிசம்பரில் வெளியான விதிகள், போதனை பெற்றுப் பரீட்சிக்கப்படாத ஒருவனை இவ்வண்டியில் ஏற்றலாகாதென்றும், மூன்று வருஷத்திற்கொரு முறையேனும் அவனை மறுபடி பரீட்சிக்க வேண்டுமென்றும் விதித்தன. பொறுப்பு யஜமானரைச் சார்ந்ததே. அந்நாட்டார் செய்வதெல்லாம் நமக்கு வேதவாக்கன்று. ஆயினும் இது நல்ல ஏற்பாடு.

நாம் கண்ட சாரதிக்கோ இவையெல்லாம் வேறொரு மூத்த சாரதி சொல்லிக் கொடுத்தவை. தகட்டிலுள்ள எழுத்து இங்கிலீஷில் இருந்தது. இலக்கங்களை மட்டும் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார். அவர் கிடங்கின் சம்பளப் பட்டியலில் இல்லை, கண்டிராக்டரின் ஆள். போதனைக்கு யார் செலவிடுவது என்று கேட்டோம். கிடங்குக்காரர் கண்டிராக்டரைக் காட்டினார். கண்டிராக்டர் அங்கே இல்லை. வக்கீல் தொழிலில் இவ்வகைப் பதிலை நாம் பல முறை கேட்டதுண்டு. விபத்து நேர்ந்த பின்னரோ, “சாரதியின் அஜாக்கிரதை” என்று எழுதுவதற்கு ஒருவருக்கும் தயக்கம் இராது.

தகட்டின் வாசகத்தைத் தமிழிலும் பொறிப்பதற்கு ஆகும் செலவு அற்பம். போதனைச் செலவைக் கிடங்குக்காரரே ஏற்க வேண்டும். வண்டி ஓடுவது அவர் லாபத்திற்காக அன்றோ? இவற்றினும் அவசியமானது ஒன்று: “தாங்காது” என்று சாரதி சொன்னால் அவ்வார்த்தைக்கு மேல் வார்த்தை இருத்தலாகாது, அதற்காக அவர் கூலியில் ஒரு காசும் குறைத்தலாகாது.

அன்று கடைசியில் பெரிய வண்டியே வந்தது. லாரி அரை மணி தாமதித்துப் புறப்பட்டது. அதனால் எவருக்கேனும் நஷ்டம் நேர்ந்ததாக நாம் கேள்விப்படவில்லை.