உடைந்த இதயத்தைப் பையில் சுமந்து வந்த பெண்! நியூயார்க் கைவிட்ட நாடகத்தை ஊர்க்காரர்கள் தூக்கி நிறுத்திய கதை

காகிதப் பை ஒன்றை மார்போடு அணைத்தபடி ஒரு பெண் மேடைக்கு வருகிறாள். அந்தப் பைக்குள் இருப்பது அவளுடைய இதயமாம்! உடைந்து போய்விட்டதாம்! பையைக் குலுக்கினால் "கலகல"வென்று சத்தம் கேட்கிறது. உள்ளே 19 கல் துண்டுகள்.

அடுத்து ஒரு காட்சி. வானத்தில் இருந்து ஒற்றைச் செருப்பு "தொப்"பென்று விழுகிறது. இன்னொரு காட்சியில், நெடுநெடுவென்று வளர்ந்திருந்த ஓர் ஆள் குள்ளமாகி நிற்கிறார்.

"அட, இதென்ன கூத்து?" என்றுதான் யாருக்கும் கேட்கத் தோன்றும். ஆனால் அமெரிக்காவில் ஊருக்கு ஊர் இருக்கும் சின்னச் சின்ன நாடகக் குழுக்கள் பல ஆண்டுகளாக இந்தக் கூத்தைத்தான் மேடை ஏற்றி வருகின்றன.

நாடகத்தின் பெயர் "ஆல்மோஸ்ட், மெய்ன்".

நியூயார்க்கில் ஒரே மாதத்தில் மூட்டை கட்டிய நாடகம் இது! அதைத் தூக்கி நிறுத்தியவர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகளும், பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு இரவில் ஒத்திகைக்கு ஓடும் சாதாரண மக்களும்தான்.

அந்தக் கதை வருமாறு:-

உருளைக்கிழங்கு ஊர்

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் இருக்கும் மாநிலம் மெய்ன். அதன் வட கோடியில், கனடா நாட்டு எல்லையை ஒட்டி பிரெஸ்க் ஐல் என்று ஒரு சிறு நகரம்.

அங்கே உருளைக்கிழங்குதான் பிழைப்பு. முன்பெல்லாம் கிழங்கு எடுக்கும் காலத்தில் பள்ளிக்கூடத்துக்கே லீவு விட்டுவிடுவார்கள். பிள்ளைகள் வயலில் இறங்கிக் கிழங்கு பொறுக்கிக் காசு சம்பாதிப்பார்கள்.

குளிர் காலம் வந்துவிட்டால் ஊரே உறைந்து போகும். இரவில் பூச்சியத்துக்குக் கீழே 15, 20 டிகிரி என்பதெல்லாம் அங்கே சர்வ சாதாரணம்.

அந்த ஊரில் வளர்ந்த பையன் ஜான் காரியானி. நடிகனாக வேண்டும் என்று ஆசைப்பட்டு நியூயார்க் போய்ச் சேர்ந்தார். "பிடில் வாசிப்பவன் கூரை மேல்" என்ற புகழ்பெற்ற இசை நாடகத்தை 2004-ம் ஆண்டு பிராட்வேயில் மறுபடியும் போட்டபோது, அதில் ஏழைத் தையல்காரனாக நடித்தார். அந்த வேடத்துக்காக டோனி விருதுப் போட்டியில் அவர் பெயர் இடம் பெற்றது.

நடித்துக்கொண்டே அவர் குட்டிக் குட்டி நாடகங்களும் எழுதி வந்தார். எல்லாம் சொந்த ஊர் ஆட்களைப் பற்றித்தான். அவற்றை ஒன்றாகக் கோர்த்தபோது உருவானதுதான் இந்த நாடகம்.

ஊரே இல்லாத ஊர்

"ஆல்மோஸ்ட்" என்றால் "ஏறக்குறைய" என்று அர்த்தம். கதை நடக்கும் ஊரின் பெயரே அதுதான்! ஒன்றுகூடி முறைப்படி ஊராகப் பதிவு செய்ய யாரும் மெனக்கெடவில்லை. அதனால் அது "ஏறக்குறைய ஊர்" ஆகிவிட்டதாம்.

தேடிப் பார்க்காதீர்கள், கிடைக்காது. அது காரியானியின் கற்பனை ஊர்.

முன்னுரைக் காட்சி ஒன்று, அதன் பிறகு 8 குட்டி நாடகங்கள். ஒவ்வொன்றும் பத்துப் பன்னிரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். எல்லாக் கதையிலும் ஆட்கள் வேறு, இடம் வேறு. ஆனால் நேரம் மட்டும் ஒன்றேதான். கடுங்குளிரில் ஒரு வெள்ளிக்கிழமை, இரவு மணி 9!

அதாவது, ஒரு வீட்டு வாசலில் ஒருத்தி அழுதுகொண்டிருக்கிற அதே நேரத்தில், பக்கத்துத் தெரு மதுக்கடையில் ஒருத்தன் பழைய காதலியைப் பார்த்து விழிக்கிறான். அதே நேரத்தில் உருளைக்கிழங்கு வயலில் இரண்டு பேர் வெட்டிப் பேச்சு பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு காட்சியில் பார்த்தவரின் பெயர் இன்னொரு காட்சியில் பேச்சோடு பேச்சாக அடிபடும். "ஓகோ, அந்த ஆளா?" என்று ஜனங்கள் சிரிப்பார்கள்.

அந்த ஊர் வானத்தில் குளிர் காலத்தில் பச்சை நிறத்தில் ஓர் ஒளி திரைச்சீலை போல ஆடும். வடதுருவ ஒளி என்பார்கள். நாடகத்தில் ஏதாவது அதிசயம் நடக்கும்போதெல்லாம் அந்த ஒளி எட்டிப் பார்க்கும்.

சொன்னது பலித்தது!

சரி, அதிசயங்களுக்கு வருவோம். வாய் வார்த்தையாக நாம் சொல்வதெல்லாம் இங்கே நிஜமாகவே நடந்துவிடும். அதுதான் இந்த நாடகத்தின் வித்தை.

"இதயம் உடைந்தது" என்கிறோம் அல்லவா? பையோடு வந்த பெண்ணுக்கு நிஜமாகவே உடைந்திருக்கிறது. கணவன் துரோகம் செய்ததால் வந்த வினை. இப்போது அவன் உயிரோடு இல்லை. வடதுருவ ஒளியில் அவனுக்கு விடை கொடுத்து அனுப்பலாம் என்று வந்தவள், முன்பின் தெரியாத ஒருவர் வீட்டு முற்றத்தில் கூடாரம் அடித்துவிடுகிறாள். அந்த வீட்டுக்காரர் யார் தெரியுமா? பழுது பார்க்கும் மெக்கானிக்! பையை வாங்கிப் பிரித்து, துண்டுகளை ஒட்டவைக்க உட்கார்ந்துவிடுகிறார்.

இன்னொருத்தி காதலனோடு சண்டை போட்டுக்கொண்டு, அவன் கொடுத்த அன்பை எல்லாம் திருப்பிக் கொடுக்க வருகிறாள். மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து கூடத்தில் குவிக்கிறாள். தான் கொடுத்ததையும் திருப்பிக் கேட்கிறாள். அவன் உள்ளே போய்க் கொண்டு வருவதோ, கையளவு சுருக்குப் பை! அவளுக்குப் பகீர் என்கிறது. அவிழ்த்துப் பார்த்தால் உள்ளே இருப்பது கல்யாண மோதிரம்.

வலியே தெரியாத ஒருவர் இருக்கிறார். துணி தேய்க்கும் பலகையால் மண்டையில் அடி வாங்கியும் "உஸ்" என்றுகூடச் சொல்லவில்லை. எவையெல்லாம் வலிக்கும் என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்துக்கொண்டு அலைகிறார். அந்தப் பட்டியலில் காதலும் உண்டா என்பதுதான் அவருடைய சந்தேகம்.

இளைஞர்கள் இரண்டு பேர், நெடுநாள் சிநேகிதர்கள். திடீரென்று ஒருவன் கால் மடங்கித் தரையில் விழுகிறான். எழுகிறான், மறுபடியும் விழுகிறான். "காதலில் விழுந்தான்" என்கிறோமே, அந்த விழுகைதான்! சிநேகிதன் மேலேயே காதல் வந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் மற்றவனும் விழுகிறான்.

மூடிய கதவு

சிரிக்கச் சிரிக்கப் போகும் நாடகத்தில் கலங்க வைக்கும் கதை ஒன்று உண்டு.

ஒரு பெண் 163 மைல் தூரத்தை டாக்சியிலேயே கடந்து ஒரு வீட்டுக் கதவைத் தட்டுகிறாள். பல ஆண்டுகளுக்கு முன்பு அந்த வீட்டுப் பையன் "என்னைக் கட்டிக்கொள்கிறாயா?" என்று கேட்டிருக்கிறான். பொழுது விடிவதற்குள் பதில் சொல்கிறேன் என்று போனவள், போனவள்தான்.

கதவைத் திறந்தவர் உயரம் குறைந்த ஓர் ஆள். "நான் தேடி வந்தவர் நல்ல உயரமாச்சே, வீடு மாறிப் போச்சோ?" என்று அவள் குழம்புகிறாள். பேசப் பேசத்தான் விளங்குகிறது. அவரேதான் அவர்! காத்துக் காத்து, நம்பிக்கை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, ஆளும் சிறுத்துவிட்டார்.

அவள் பதில் சொல்ல வாய் எடுக்கும்போது வீட்டுக்குள் இருந்து ஒரு பெண் குரல் கேட்கிறது. அது அவருடைய மனைவி.

கதவு மூடுகிறது. மூடிய கதவைப் பார்த்து, அவள் சம்மதம் சொல்லிவிட்டுப் போகிறாள்.

மூட்டை கட்டிய நியூயார்க்

2004-ல் மெய்ன் மாநிலத்தின் பெரிய நகரமான போர்ட்லண்டில் இந்த நாடகம் அரங்கேறியது. சொந்த மண்ணில் கூட்டம் அலைமோதியது. அந்தத் தெம்பில் 2006 ஜனவரியில் நியூயார்க் கொண்டுபோனார்கள். பழைய வங்கிக் கட்டிடம் ஒன்றை மாற்றிக் கட்டிய அரங்கில் நாடகம் தொடங்கியது.

பத்திரிகை விமர்சனம் கைகொடுக்கவில்லை. தித்திப்பு தூக்கல், திகட்டுகிறது என்று எழுதிவிட்டார்கள். பிப்ரவரி மாதமே திரை விழுந்தது.

அதோடு கதை முடிந்தது என்றுதான் நினைத்திருப்பார்கள்.

ஆனால் நாடகம் புத்தகமாக வந்திருந்தது. பள்ளி ஆசிரியர்களும் ஊர் நாடகக் குழுக்காரர்களும் அதை வாங்கிப் படித்தார்கள். மளமளவென்று எடுத்துப் போட ஆரம்பித்தார்கள். நான்கே ஆண்டுகள்! 2010-ல் அமெரிக்கப் பள்ளிகளில் அதிகம் நடிக்கப்பட்ட நாடகம் எது என்று கணக்கெடுத்தபோது, ஷேக்ஸ்பியரையே பின்னுக்குத் தள்ளி முதலிடம் பிடித்தது "ஆல்மோஸ்ட், மெய்ன்"!

பிறகு ஒரு டஜன் மொழிகளுக்கு மேல் போய்விட்டது. 2014-ல் நியூயார்க்கே மறுபடியும் கூப்பிட்டது. இந்தத் தடவை காரியானியே மேடையேறி நடித்தார்.

19 வேடம்

ஊர்க் குழுக்களுக்கு இந்த நாடகம் ஏன் இத்தனை தோதாக இருக்கிறது? கணக்கு எளிதுதான்.

நாடகத்தில் 19 வேடங்கள். ஆள் பஞ்சம் உள்ள குழு என்றால் 4 பேரே மாற்றி மாற்றி எல்லா வேடத்தையும் கட்டிவிடலாம். ஆசைப்படும் ஆட்கள் நிறைய என்றால் ஆளுக்கு ஒரு வேடம். யாரும் மணிக்கணக்கில் வசனம் நெட்டுருப் போட வேண்டாம். ஒருவர் பத்து நிமிடப் பாடத்தை மனப்பாடம் செய்தால் போதும்.

ஒத்திகையும் அப்படித்தான். பெரும்பாலும் ஒரு காட்சிக்கு இரண்டே பேர். திங்கள்கிழமை சாயங்காலம் ஒரு ஜோடி, செவ்வாய்க்கிழமை இன்னொரு ஜோடி. கடையைச் சாத்திவிட்டு வருகிறவரும் ஆபீசில் இருந்து வருகிறவரும் சமாளித்துக்கொள்ளலாம்.

செலவும் கையைக் கடிக்காது. ஒரு பெஞ்சு, ஒரு தேய்ப்புப் பலகை, சில மூட்டைகள், மேலே இருந்து போட ஒரு செருப்பு! குளிர் கோட்டுகள் அவரவர் வீட்டிலேயே இருக்கும். வெள்ளைத் துணியை விரித்தால் பனி. ஒவ்வொரு காட்சிக்கும் உரிமைக் கட்டணம் கட்டிவிட வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் ஒரு விஷயத்தில் காரியானி ரொம்பக் கண்டிப்பு. என் ஊர் ஆட்களைப் பட்டிக்காட்டுக் கோமாளிகளாகக் காட்டக்கூடாது என்று நாடகப் புத்தகத்திலேயே குறிப்பு எழுதி வைத்திருக்கிறார். இவர்கள் மானம் மரியாதையோடு வாழும் சாதாரண ஜனங்கள், உள்ளே இருப்பதைச் சொல்லத்தான் தெரியாதவர்கள் என்பது அவர் கட்சி. அவர்களுடைய வாய் சொல்லாததைத்தான் மூட்டையும் செருப்பும் கல் துண்டும் சொல்கின்றன.

தடை போட்ட பள்ளி

இத்தனை சாதுவான நாடகத்துக்கும் ஒரு சோதனை வந்தது.

2014-ல் வட கரோலினா மாநிலத்தில் ஒரு பள்ளியில் மாணவர்கள் இதை நடிக்க ஏற்பாடு செய்தார்கள். வயலில் இரண்டு இளைஞர்கள் விழும் காட்சிக்கு எதிர்ப்பு கிளம்பியது. ஆணுக்கு ஆண் மேல் காதலா என்ற பேச்சு வந்தது. பள்ளி நிர்வாகம் நாடகத்தையே ரத்து செய்துவிட்டது.

அந்த ஒரு காட்சியை மட்டும் வெட்டிவிட்டுப் போடலாமே என்று கேட்கலாம். ஆனால் 9 மணிக்கு அந்த ஊரில் இருந்தவர்களில் இரண்டு பேரை மட்டும் இல்லை என்று சொல்ல முடியுமா?

மாணவர்கள் சோர்ந்துவிடவில்லை. இணையம் வழியாக நன்கொடை கேட்டார்கள். முகம் தெரியாதவர்கள் எல்லாம் பணம் அனுப்பினார்கள். 2015 ஜனவரியில் பள்ளிக்கு வெளியே ஓர் அரங்கைப் பிடித்து, அந்தக் காட்சியோடு சேர்த்தே நாடகத்தை நடத்திக் காட்டிவிட்டார்கள்!

பனிப் பந்து

நாடகம் எப்படி முடிகிறது?

முதல் காட்சியில் பெஞ்சில் ஓர் இளைஞனும் ஒரு பெண்ணும் உட்கார்ந்திருப்பார்கள். அவள் தட்டுத் தடுமாறி காதலைச் சொல்லிவிடுவாள். அவனும் கடைசியில் சொல்லிவிடுவான். அத்தோடு நிறுத்தினானா? கையில் ஒரு பனி உருண்டையை எடுத்துக்கொண்டு, பூமி உருண்டை, ஆகவே ஒட்டி உட்கார்ந்திருப்பவர்கள்தான் உண்மையில் ரொம்பத் தொலைவில் இருக்கிறார்கள் என்று வியாக்கியானம் பண்ணுவான்.

அப்படியானால் விலகிப் போகப் போக நெருக்கம்தானே என்று அவள் எழுந்து நடப்பாள். ஓரடி, ஈரடி... மேடையை விட்டே போய்விடுவாள்.

இடைவேளை வரும்போதும் அவன் அதே பெஞ்சில், பனி உருண்டையும் கையுமாகக் காத்திருப்பான்.

எட்டுக் கதையும் முடிந்த பிறகு, அவள் போன திசைக்கு எதிர்த் திசையில் இருந்து காலடிச் சத்தம் கேட்கும். உலகத்தையே ஒரு சுற்று சுற்றிவிட்டு, அவள் வந்து நிற்பாள்.

வானத்தில் பச்சை ஒளி ஆடும். நகர மண்டபத்திலோ பள்ளிக்கூடத்து ஹாலிலோ நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தவர்கள் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்புவார்கள். வலியே தெரியாதவராக நடித்தவர் காலையில் வழக்கம்போல வேலைக்குப் போக வேண்டும்.