விண்டோஸ் மாற்றிய பின் கேமரா வேலை செய்யவில்லையா?



பருப்பு விலை, வரி விகிதம், லைசென்ஸ் புதுப்பித்தல் என்று எழுத வேண்டிய இடத்தில் லேப்டாப் கேமராவைப் பற்றி ஒரு மண்டிக்காரன் எழுதுகிறானே என்று சிலர் நினைக்கலாம். கல்லாப் பெட்டிக்கும் கேமராவுக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் நானும் இருந்தேன். சம்பந்தம் உண்டு என்பதைப் பட்டுத் தெரிந்து கொண்டேன். நான் பட்டது மற்றவர்களுக்கு வர வேண்டாம் என்றே இதை எழுதுகிறேன்.

நடந்தது என்ன?

மைக்ரோசாப்ட் கம்பெனி விண்டோஸ் 10-க்கு அளித்து வந்த வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்தியது. பேங்க் கணக்கும் ஜி.எஸ்.டி. கணக்கும் பார்க்கிற கம்ப்யூட்டரைப் பாதுகாப்புத் திருத்தம் இல்லாமல் வைத்திருப்பது, பூட்டுப் பழுதான கிட்டங்கியில் சரக்கை இறக்குவது போன்றது. எங்கள் லேப்டாப் 2019-இல் வாங்கியது. விண்டோஸ் 11 ஏறும் என்று அதிலேயே காட்டியதால், தீபாவளி வியாபாரம் முடிந்த கையோடு ஏற்றி விட்டோம். கணக்கு வழக்கு, பில் போடுவது எல்லாம் முன்பு போலவே நடந்தது. கேமராவை யாரும் திறந்து பார்க்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் நடப்புக் கணக்கிற்குக் கே.ஒய்.சி. புதுப்பிக்க வேண்டும் என்று பேங்கிலிருந்து செய்தி வந்தது. சீசன் மும்முரத்தில் கவனிக்காமல் கெடுவைத் தாண்டி விட்டேன். தவறு என்னுடையதுதான். கணக்கிலிருந்து பணம் எடுப்பதை நிறுத்தி வைத்தார்கள். கிளைக்கு நேரில் போகலாம், அல்லது வீடியோ மூலம் முடிக்கலாம் என்றார்கள். சந்தை நாள், மண்டியை விட்டு நகர முடியாது. வீடியோவிலேயே முடிப்போம் என்று பான் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், ஸ்கிரீன் கறுப்பாக நிற்கிறது. 'கேமரா இல்லை' என்கிறது. நேற்று வரை இருந்த கேமரா எங்கே போகும்?

பழுது பார்ப்பவர் ஒருவரிடம் காட்டியதில், போர்டு போய்விட்டது, புது லேப்டாப் வாங்கி விடுங்கள் என்றார். அதற்குள் இரண்டு நாள் ஓடிவிட்டது. லாரி வாடகை நிற்கிறது. துவரம் பருப்பு அனுப்பிய வியாபாரி, முப்பது வருடப் பழக்கத்தில் முதன்முறையாகப் போன் போட்டு, "பணம் இன்னும் வரலீங்களே?" என்று கேட்டார். அவர் கோபமாகக் கேட்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வி எனக்குச் சுருக்கென்றது. நமக்கு முதல் என்பது நாணயம்தானே.

கடைசியில் வழி சொன்னது லீவுக்கு வந்திருந்த என் பேத்தி. "அப்பிச்சி, அந்த லிங்க்கைப் போன்ல திறந்து பார்த்தீங்களா?" என்றாள். திறந்தோம். பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. பெரியவர்கள் ஒருவருக்கும் இது தோன்றவில்லை.

இதிலிருந்து முதல் பாடம்: வண்டி பஞ்சர் ஆனால் முதலில் சரக்கை வேறு வண்டியில் ஏற்றி அனுப்ப வேண்டும், பஞ்சரைப் பிறகு ஒட்டிக் கொள்ளலாம். அவசர வேலையைப் போனில் முடித்துவிட்டு, அதன்பின் லேப்டாப்பைக் கவனியுங்கள்.

பேங்குக்கு நம் முகம் எதற்கு?

வாடிக்கையாளரை வீடியோ மூலம் அடையாளம் காணும் முறையை ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியில் அனுமதித்தது. 2021 மே மாதத்தில் தனி உரிமையாளர் நிறுவனங்களுக்கும் அதை விரிவாக்கியது. நம்மில் பெரும்பாலோர் கடை இந்த வகைதான். பேங்க் அலுவலர் ஒருவர் நேரலையில் பேசுவார். அசல் பான் கார்டைக் காட்டச் சொல்வார். நாம் இருக்கும் இடமும் பதிவாகும். இடையில் தொடர்பு அறுந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆகவே விட்டு விட்டு வேலை செய்யும் கேமராவும் உதவாது.

கே.ஒய்.சி. புதுப்பிப்பு, கணக்கின் தன்மையைப் பொறுத்து 2, 8 அல்லது 10 ஆண்டுகளுக்கு ஒரு முறை வரும். முகவரி முதலிய விவரங்களில் மாற்றம் எதுவும் இல்லை என்றால் சுய உறுதிமொழி கொடுத்தாலே போதும் என்றும் விதி உள்ளது. இதையும் பேங்கில் கேட்டுப் பாருங்கள். வரி ரிட்டர்னுக்கு வேண்டிய டிஜிட்டல் கையெழுத்து வாங்கவும் வீடியோ பதிவு கேட்கிறார்கள். ஆகவே கேமராவை இனி வேண்டாத உறுப்பு என்று ஒதுக்க முடியாது.

சிஸ்டம் மாற்றினால் கேமரா ஏன் நிற்கிறது?

கேமராவும் விண்டோஸும் நேரடியாகப் பேசிக் கொள்வதில்லை. இடையில் 'டிரைவர்' என்ற சிறு புரோகிராம் இருக்கிறது. மண்டியில் தரகர் மாதிரி. இந்தப் பக்கம் விவசாயி சொல்வதை அந்தப் பக்கம் வியாபாரிக்குப் புரிகிற மாதிரி சொல்பவர் அவர். மண்டிக்குப் புது முதலாளி வந்து வழக்கத்தை மாற்றினால், பழைய தரகரின் துண்டுக்கடி விரல் கணக்கு அவருக்குப் புரியாது. விவசாயியும் இருப்பார், சரக்கும் இருக்கும், வியாபாரம் மட்டும் நடக்காது. கேமராவில் பழுதில்லை; பேச்சுதான் நின்று போயிற்று.

இது உலகம் முழுவதும் நடந்த சங்கதி. 2016 ஆகஸ்டில் விண்டோஸ் 10-க்கு ஒரு பெரிய அப்டேட் வந்தது. ஒரே கேமராவை இரண்டு புரோகிராம்கள் ஒரே நேரத்தில் பயன்படுத்த வசதி செய்ய வேண்டும் என்று நல்ல எண்ணத்தில்தான் உள்ளே மாற்றம் செய்தார்கள். ஆனால் பல கேமராக்கள் படத்தைச் சுருக்கி அனுப்பும் பழக்கம் உள்ளவை. மூட்டை கட்டிய சரக்கு என்று வைத்துக் கொள்ளுங்கள். புது வாசலில், அவிழ்த்த சரக்குதான் உள்ளே வரலாம் என்று நிறுத்தி விட்டார்கள். நேற்று வரை ஓடிய கேமராக்கள் ஏராளமான இடங்களில் உறைந்து நின்றன. ஸ்கைப்பில் பேசியவர்கள் தவித்தார்கள். பிறகு வந்த அப்டேட்டில் மைக்ரோசாப்ட் இதைச் சரி செய்தது. அதுவரை புதுக் கேமரா வாங்கியவர்களுக்கு அந்தப் பணம் வீண்தான்.

டிரைவர் தவிர வேறு காரணங்களும் உண்டு. அப்டேட்டின் போது அனுமதிகள் மாறியிருக்கலாம். சில ஆன்டிவைரஸ் புரோகிராம்கள் பாதுகாப்பு என்று கேமராவை அடைத்து வைக்கும்.

வரிசையாகப் பார்க்க வேண்டியவை

கீழ்க்கண்டவற்றை வரிசை மாறாமல் செய்யுங்கள். செலவில்லாததும் சுலபமானதும் முதலில் வருகின்றன. மெனு பெயர்கள் ஸ்கிரீனில் ஆங்கிலத்தில் இருக்கும். உச்சரிப்பை மட்டும் இங்கே தருகிறேன்.

1. மூடியைப் பாருங்கள். பல லேப்டாப்களில் கேமராவின் மேல் தள்ளும் மூடி இருக்கும். சிலவற்றில் கேமரா படம் போட்ட கீ அல்லது பக்கவாட்டில் சிறு ஸ்விட்ச் இருக்கும். துடைக்கும் போது கை பட்டு மூடிக் கொள்வது சகஜம். எனக்குத் தெரிந்த மளிகைக்காரர் ஒருவர் கடைப் பையன் ஒட்டிய விலைச் சீட்டைக் கேமரா மேல் வைத்துக்கொண்டே ஒரு வாரம் அலைந்தார்.

2. 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். 'ஷட்டவுன்' செய்து திறப்பது போதாது. பல கம்ப்யூட்டர்களில் சீக்கிரம் திறப்பதற்காகப் பழைய நிலையின் ஒரு பகுதியைச் சேமித்து வைத்திருப்பார்கள். ரீஸ்டார்ட்டில்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும்.

3. விண்டோஸிலேயே உள்ள 'கேமரா' ஆப்பைத் திறங்கள். இது முக்கியமான சோதனை. அதில் முகம் தெரிந்தால் கேமராவும் டிரைவரும் சரி, கோளாறு அனுமதியிலோ பிரவுசரிலோ இருக்கும். அப்படியானால் 4, 5 ஆகியவற்றை மட்டும் பாருங்கள். தெரியாவிட்டால் கீழே வரும் எண்ணைக் குறித்துக் கொள்ளுங்கள். 4243 என்று முடிந்தால் வேறொரு புரோகிராம் கேமராவைப் பிடித்து வைத்திருக்கிறது, மற்றவற்றை மூடுங்கள். 4244 என்று முடிந்தால் விண்டோஸ் கேமராவைக் காணவில்லை என்று பொருள். எங்களுக்கு வந்தது இதுதான்.

4. அனுமதி. 'செட்டிங்ஸ்' சென்று, 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி', அதில் 'கேமரா'. 'கேமரா ஆக்சஸ்', 'லெட் ஆப்ஸ் ஆக்சஸ் யுவர் கேமரா', 'லெட் டெஸ்க்டாப் ஆப்ஸ் ஆக்சஸ் யுவர் கேமரா' ஆகிய மூன்றும் 'ஆன்' ஆக இருக்க வேண்டும். குரோம் போன்ற பிரவுசர்கள் மூன்றாவதில் அடங்கும். பலர் முதலிரண்டை மட்டும் பார்த்துவிட்டு மூன்றாவதை விட்டு விடுகிறார்கள். ஆன்டிவைரஸ் இருந்தால் அதிலும் கேமராத் தடை இருக்கிறதா என்று பாருங்கள்.

5. பிரவுசர் அனுமதி. பேங்க் பக்கம் திறந்திருக்கும் போது, முகவரிப் பட்டையின் ஓரத்தில் உள்ள குறியை அழுத்தினால் அந்தத் தளத்துக்குக் கேமரா அனுமதி உண்டா என்று காட்டும். முன்பு ஒரு முறை 'பிளாக்' அழுத்தியிருந்தால் அது அப்படியே நிற்கும். 'அலவ்' என்று மாற்றிப் பக்கத்தை மறுபடி திறங்கள்.

6. டிரைவர். ஸ்டார்ட் பட்டன் மேல் மௌஸின் வலது பட்டனை அழுத்தி 'டிவைஸ் மேனேஜர்' திறங்கள். 'கேமராஸ்' அல்லது 'இமேஜிங் டிவைசஸ்' என்ற தலைப்பின் கீழ் உங்கள் கேமரா இருக்கும். மஞ்சள் குறி இருந்தால் தரகரிடம்தான் கோளாறு. அதன் மேல் வலது பட்டன் அழுத்தி 'பிராப்பர்ட்டீஸ்', 'டிரைவர்' சென்று 'ரோல் பேக் டிரைவர்' அழுத்தினால் பழைய டிரைவர் திரும்ப வரும்.

எங்களுக்கு அந்தப் பட்டன் மங்கலாக இருந்தது, அழுத்த முடியவில்லை. சிஸ்டம் முழுவதும் மாறும் போது இப்படி ஆவதுண்டு. அப்போது 'அப்டேட் டிரைவர்' அழுத்தி, 'பிரவுஸ் மை கம்ப்யூட்டர்' என்பதையும் 'லெட் மீ பிக்' என்று தொடங்கும் வரியையும் தேர்வு செய்தால் ஒரு பட்டியல் வரும். அதில் 'யு.எஸ்.பி. வீடியோ டிவைஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். இது விண்டோஸ் கூடவே வரும் பொது டிரைவர். ரீஸ்டார்ட் செய்ததும் எங்கள் கேமரா கண் திறந்தது. போர்டு போய்விட்டது என்று சொல்லப்பட்ட அதே லேப்டாப்தான் இன்றும் மண்டியில் ஓடுகிறது.

7. அதிலும் வரவில்லை என்றால், 'விண்டோஸ் அப்டேட்', 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்', 'ஆப்ஷனல் அப்டேட்ஸ்' என்ற இடத்தில் கேமரா டிரைவர் காத்திருக்கிறதா என்று பாருங்கள். அல்லது லேப்டாப் கம்பெனியின் சொந்தத் தளத்தில் மாடல் எண்ணைக் கொடுத்து எடுங்கள். இலவச டிரைவர் தருகிறோம் என்று விளம்பரம் செய்யும் மற்ற தளங்கள் வேண்டாம்.

8. இத்தனைக்கும் மசியவில்லை என்றால், மாற்றிய 10 நாட்களுக்குள் 'செட்டிங்ஸ்', 'சிஸ்டம்', 'ரெக்கவரி', 'கோ பேக்' மூலம் பழைய விண்டோஸுக்குத் திரும்பலாம். ஆனால் அதற்கு ஆதரவு முடிந்து விட்டது என்பதை மறக்க வேண்டாம். அதை விட, யு.எஸ்.பி.யில் செருகும் தனிக் கேமரா ஒன்று வாங்கி விடுவது மேல். புது லேப்டாப் விலையில் அது சிறு பங்குதான்.

ஓர் எச்சரிக்கை

கோளாறு வந்த பதற்றத்தில் இன்டர்நெட்டில் 'கஸ்டமர் கேர்' எண் தேடிப் போன் போடாதீர்கள். போலி எண்கள் மலிந்து கிடக்கின்றன. உங்கள் கம்ப்யூட்டரைத் தூரத்திலிருந்து இயக்கும் ஆப்பைப் போடச் சொல்வார்கள். சரி செய்கிறோம் என்று கணக்கைக் காலி செய்வார்கள். திடீரென்று ஸ்கிரீனில் தோன்றும் போன் நம்பரும் அப்படித்தான். பேங்க் அலுவலர் என்று யார் பேசினாலும் ஓ.டி.பி.யை வாயால் சொல்லாதீர்கள். ஏமாந்து விட்டால் தயங்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்குப் புகார் செய்யுங்கள்.

மாற்றுமுன் செய்ய வேண்டியவை

நிற்க. இது கேமராவோடு முடியும் விஷயமல்ல. பில் பிரின்டர், கேபிள் போட்ட எடை மெஷின், பார்கோடு ஸ்கேனர் எல்லாம் டிரைவரை நம்பியே ஓடுகின்றன. ஆகவே விண்டோஸ் மாற்றுமுன் கணக்குப் புரோகிராமின் டேட்டாவை வெளியே ஒரு பிரதி எடுங்கள். கூடவே உள்ள கருவிகளை எல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள். மாற்றிய அன்றே ஒவ்வொன்றாக இயக்கிப் பார்த்து டிக் அடியுங்கள். சரக்கு இறக்கிய உடனே மூட்டையை எண்ணுகிறோம் அல்லவா? பத்து நாள் கழித்து எண்ணினால் யார் ஒத்துக் கொள்வார்? மாதக் கடைசி, பண்டிகைக் காலம், ரிட்டர்ன் தேதி நெருங்கும் நாட்களில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம்.

நான் கேமராவைச் சரி செய்ததற்கு ஆன செலவு ஒன்றுமில்லை. ஆனால் தெரியாததால் இரண்டு நாள் பணம் நின்றது. பழைய நண்பருக்குப் பதில் சொல்ல வேண்டி வந்தது. மறுநாளே அவருக்குப் பணம் அனுப்பிவிட்டு, நடந்ததைச் சொன்னேன். சிரித்துவிட்டு, அவர் கடை லேப்டாப்பிலும் கேமரா வருகிறதா என்று அப்போதே திறந்து பார்த்தார். இதைப் படித்து முடித்ததும் நீங்களும் ஒரு முறை திறந்து பார்த்து விடுங்கள்.

வாழ்க வணிகம்!

— மொத்த வியாபாரி ஒருவர், குண்டடம்