பெண்ணைக் காணோம்: குரூப்பில் போடுவதற்கு முன் ஸ்டேஷனுக்குப் போங்கள்

சாயங்காலம் ஆறரை மணி டவுன் பஸ்ஸில் வந்து இறங்க வேண்டிய மகள் இறங்கவில்லை. போன் சுவிட்ச் ஆஃப். அப்பா பைக்கை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுவரை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார். எட்டு மணிக்கு ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் பெண்ணின் படம், கீழே அம்மாவின் செல் நம்பர். எட்டேகாலுக்கு முதல் பதில்: ‘மத்தியானம் பேக்கரிகிட்ட ஒரு பையனோட நின்னுச்சு.’ ஒன்பது மணிக்குள் அந்தப் பையனுக்கு ஒரு பெயரும் தெருவும் சாதியும் கிடைத்துவிடுகின்றன. பத்து மணிக்கு யாரோ பெண்ணின் இன்ஸ்டாகிராமைத் துழாவி, கல்லூரி விழாவில் எடுத்த படத்தில் சிவப்பு வட்டம் போட்டு அனுப்புகிறார். காவல் நிலையத்துக்கு இன்னும் யாரும் போகவில்லை. ‘வெளிய தெரிஞ்சா அசிங்கம், விடியட்டும் பாத்துக்கலாம்’ என்று பெரியப்பா சொல்லிவிட்டார். அந்த குரூப்பில் பெரியப்பாவும் இருக்கிறார்.

எந்த மாவட்டம் என்றாலும் இந்த வரிசை பெரிதாக மாறுவதில்லை. காணாமல்போன ஒருவரைத் தேட ஊராரின் கண்கள் உதவும், மறுக்கவில்லை. ஆனால் பார்த்ததைப் போலீஸிடம் சொல்வது வேறு, பார்க்காததை ஊருக்குச் சொல்வது வேறு. முதல் வேலைக்கு இருக்கும் நேரத்தை இரண்டாவது வேலை தின்றுவிடுகிறது.

அந்த நேரம் ஏன் முக்கியம்? பேக்கரி, செல்போன் கடை, பெட்ரோல் பங்க் ஆகிய இடங்களின் சிசிடிவி பதிவு என்றென்றைக்கும் இருப்பதில்லை. ஹார்டு டிஸ்க் நிறைந்ததும் பழையதை அழித்துப் புதியது ஏறும். சின்னக் கடைகளில் சில நாட்கள்கூடத் தாங்காது. டவுன் பஸ் கண்டக்டரிடம் மறுநாள் கேட்டால் முகம் நினைவிருக்கும், பத்து நாள் கழித்துக் கேட்டால் இருக்காது. போன் கடைசியாக எந்த டவரில் இருந்தது என்ற தகவலைத் தொலைத்தொடர்பு நிறுவனம் அப்பாவுக்குத் தராது, போலீஸ் கேட்டால்தான் தரும். அதிலும் கிராமப்புறத்தில் ஒரே டவர் பல கிலோமீட்டருக்குச் சேவை தருவதால், கிடைப்பது திசை மட்டுமே. அந்தத் திசையில் உள்ள கிணறு, கல்குவாரி, ஏரிக்கரை, தோட்டத்து மோட்டார் ரூம் எல்லாவற்றையும் மனிதர்கள் நடந்துபோய்ப் பார்க்க வேண்டும். ஊர் இளைஞர்கள் உதவ வேண்டிய இடம் அதுதான்.

‘ரெண்டு நாள் பாருங்க, வந்துடும்’

24 மணி நேரம் கழித்துத்தான் காணாமல்போன புகாரை வாங்குவார்கள் என்று சினிமா பார்த்து நாம் கற்றுக்கொண்டிருக்கிறோம். அப்படி ஒரு சட்டம் இந்தியாவில் கிடையாது. தமிழ்நாட்டில் ‘பெண் காணவில்லை’ என்ற தலைப்பிலேயே எஃப்ஐஆர் போடும் நடைமுறை இருக்கிறது. கடத்தல் போன்ற குற்றம் நடந்திருப்பதாகப் புகாரிலேயே தெரிந்தால் எஃப்ஐஆர் பதிவு செய்வது கட்டாயம் என்று 2013 நவம்பரில் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. பெண் 18 வயதுக்கு உட்பட்டவர் என்றால் இன்னும் உறுதி. அதே 2013 மே மாதம் பச்பன் பச்சாவோ ஆந்தோலன் வழக்கில், காணாமல்போன குழந்தை பற்றிய புகாரைக் கடத்தல் அல்லது ஆள் விற்பனை என்று கருதியே வழக்குப் பதிய வேண்டும் என்று உத்தரவானது. 16 வயதுப் பெண்ணின் அப்பாவிடம் ‘லவ் மேட்டரா இருக்கும், வந்துடும்’ என்று சொல்லித் திருப்பி அனுப்ப எந்த அதிகாரிக்கும் உரிமை இல்லை.

‘இது எங்க எல்லை இல்லை’ என்பதும் செல்லாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவுப்படி, பிடியாணை இல்லாமல் கைது செய்யத்தக்க குற்றம் எங்கு நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகார் தரலாம்; ஜீரோ எஃப்ஐஆர் என்பது இதுதான். ஆன்லைனிலும் அனுப்பலாம், மூன்று நாட்களுக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். எஃப்ஐஆர் நகலை இலவசமாகத் தர வேண்டும். பல இடங்களில் சிஎஸ்ஆர் ரசீது ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அது புகார் வந்தது என்பதற்கான சீட்டு. வழக்குப் பதிவானதற்கான அத்தாட்சி ஆகாது. பதிய மறுத்தால் மாவட்ட எஸ்.பி.க்கு எழுத்தில் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் மனு. யாரோ அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று நம்பக் காரணம் இருந்தால் சென்னை உயர் நீதிமன்றத்திலோ மதுரைக் கிளையிலோ ஆட்கொணர்வு மனு. வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம்: பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம். அவசரத்துக்கு 112, பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098.

ஸ்டேஷனுக்குப் போகும்போது சமீபத்திய படம், அன்று உடுத்தியிருந்த உடை, உடம்பில் மச்சம் தழும்பு, போன் நம்பர், போன் வாங்கிய பெட்டியில் உள்ள ஐஎம்இஐ எண் இவற்றை எடுத்துச் செல்லுங்கள். வீட்டில் அவர் விட்டுப்போன லேப்டாப்பையோ பழைய போனையோ ‘பாஸ்வேர்டு போட்டுப் பார்க்கிறேன்’ என்று தம்பிகள் நோண்ட வேண்டாம். வீட்டில் சண்டை நடந்தது, திருமணப் பேச்சில் தகராறு என்பதுபோல ஏதாவது இருந்தால் அதையும் போலீஸிடம் மறைக்காதீர்கள். மானம் போகும் என்று மறைத்த ஒரு தகவலால் தேடல் தவறான திசையில் பல நாள் அலையக்கூடும்.

ஆற்றங்கரை பெஞ்சும் டிக்டாக் துப்பறிவாளர்களும்

ஊகம் ஒரு தேடலை என்ன பாடுபடுத்தும் என்பதற்கு இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில் நடந்தது நல்ல பாடம். 2023 ஜனவரி 27 அன்று செயின்ட் மைக்கேல்ஸ் ஆன் வயர் என்ற சிறு கிராமத்தில் இரண்டு மகள்களைப் பள்ளியில் விட்டுவிட்டு ஆற்றோரம் நாயோடு நடக்கப் போன ஒரு தாய் காணாமல்போனார். அவருடைய போன் ஒரு பெஞ்சில் கிடந்தது, அலுவலக மீட்டிங் அழைப்பு துண்டிக்கப்படாமலே. மர்மக் கதைக்கு வேண்டியதெல்லாம் இருந்ததால் உலகமே துப்பறியக் கிளம்பிவிட்டது. கேமராவும் கையுமாக வெளியூர்க்காரர்கள் கிராமத்துக்குள் புகுந்தார்கள். ஊர்க்காரர்களின் இடங்களை நோட்டமிட்டார்கள். கூட்டத்தைக் கலைக்கத் தனி உத்தரவு போட வேண்டியதாயிற்று. கணவர் நிலையில் இருந்த துணைவரை முகம் தெரியாதவர்கள் கொலைகாரர் என்றார்கள். பொய்த் தகவல்களும் வதந்திகளும் வந்து குவிவதாக விசாரணை அதிகாரியே செய்தியாளர்களிடம் புலம்பினார்.

பிப்ரவரி 19 அன்று, கடைசியாகக் காணப்பட்ட இடத்திலிருந்து சுமார் ஒரு மைல் தள்ளி அதே ஆற்றில் அவர் உடல் கிடைத்தது. ஜூன் மாத விசாரணையில் குளிர்ந்த நீரில் தவறி விழுந்து மூழ்கிய விபத்து என்று முடிவானது. கடத்தலும் கொலையும் கள்ளத் தொடர்பும் வலைவாசிகளின் கற்பனை. ஆனால் பழியை முழுக்க அவர்கள் மேல் போட்டுவிடவும் முடியாது. அந்தப் பெண்ணின் உடல்நலம், மதுப்பழக்கம் பற்றிய தனிப்பட்ட விவரங்களைப் போலீஸே வெளியிட்டது. அது தவிர்த்திருக்கக்கூடியது, தேவையற்றது என்று அதே ஆண்டு நவம்பரில் வந்த மறு ஆய்வு அறிக்கை கண்டித்தது. செய்தியாளர்களுக்கு முறையான தகவல் தராமல் விட்டதால் அந்த வெற்றிடத்தை ஊகம் நிரப்பியது என்றும் அது சொன்னது. நம் ஊர்க் காவல் நிலையங்களுக்கும் இது பொருந்தும். தினமும் இரண்டு வரி அதிகாரபூர்வமாகச் சொன்னால் பாதி வதந்தி அடங்கிவிடும்.

நம் பக்கத்தில் வதந்தி உயிரையே எடுத்திருக்கிறது. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூரில், குலதெய்வம் கும்பிட வந்த 65 வயதுப் பெண் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கும் கும்பல் உலவுகிறது என்ற வாட்ஸ்அப் செய்திகளை நம்பியிருந்த கூட்டம் அவரை அடித்தே கொன்றது. ‘பேக்கரி பக்கம் நின்ன பையன்’ என்று ஒரு பெயரை எழுதுகிறவர், அந்தப் பையன் வீட்டு வாசலுக்கு ஒரு கூட்டத்தை அனுப்புகிறார். அவன் வேறு சாதியாக இருந்தால் என்ன ஆகும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

‘நான் ஃபார்வர்டுதானே பண்ணேன்’

இந்தச் சாக்கு நீதிமன்றத்தில் எடுபடாது. பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்தும் பதிவை 2018இல் பகிர்ந்த நடிகரும் முன்னாள் எம்.எல்.ஏ.வுமான எஸ்.வி. சேகர், படிக்காமல் பகிர்ந்தேன், உடனே நீக்கிவிட்டேன், மன்னிப்பும் கேட்டேன் என்றார். சென்னை உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை, உச்ச நீதிமன்றமும் கைவிட்டது. 2024 பிப்ரவரியில் சிறப்பு நீதிமன்றம் ஒரு மாதச் சிறைத் தண்டனை விதித்தது.

காணாமல்போன பெண்ணின் நடத்தையைப் பற்றி எழுதுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவில் அவதூறு. இரண்டு ஆண்டுவரை சிறை. அவர் இறந்துவிட்டிருந்தாலும் குடும்பத்தைப் புண்படுத்தும் நோக்கம் இருந்தால் அவதூறுதான். பெண்ணின் மானத்துக்குப் பங்கம் விளைவிக்கும் சொல்லுக்கு 79ஆம் பிரிவில் மூன்று ஆண்டுவரை. இரு தரப்புக்கு இடையே பகை மூட்டும் வதந்திக்கு 353. குரூப் அட்மின் என்பதற்காகவே ஒருவரைக் குற்றவாளியாக்க முடியாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2022இல் சொன்னது உண்மை. அட்மினும் சேர்ந்து பரப்பினால் அந்தப் பாதுகாப்பு இல்லை.

பலருக்கும் தெரியாத ஒன்று உண்டு. அந்தப் பெண் பாலியல் குற்றத்துக்கு ஆளானதாகத் தெரியவந்தால், அந்த நிமிடம் முதல் அவர் பெயரையோ படத்தையோ அடையாளம் காட்டும் எதையுமோ வெளியிடுவது குற்றம். 72ஆம் பிரிவில் இரண்டு ஆண்டுவரை சிறை; சிறுமியானால் போக்சோ சட்டமும் சேரும். நேற்று தேடுவதற்காகப் போட்ட அதே படத்தை இன்று ‘நீதி வேண்டும்’ என்று போட்டாலும் சட்டம் ஏற்காது. இறந்தவரின் அடையாளத்துக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு என்று 2018இல் நிபுண் சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

குடும்பத்தார் செய்ய வேண்டியது: அவதூறான பதிவைக் கண்டதும் பதில் எழுதாதீர்கள், ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். நாள், நேரம், அனுப்பியவரின் முழு நம்பர் அல்லது பக்கத்தின் முகவரி அதில் தெரிய வேண்டும். நீங்கள் சேமித்து வைத்த செல்லப் பெயர் போதாது. பிறகு அந்தத் தளத்திலேயே புகார், தேசிய சைபர் கிரைம் இணையதளத்தில் புகார், மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்தில் புகார். மார்பிங் செய்த படமோ அந்தரங்கப் படமோ என்றால், சம்பந்தப்பட்டவர் தரப்பில் புகார் வந்தபின் தளங்கள் அதை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று தகவல் தொழில்நுட்ப விதிகள் சொல்கின்றன.

போஸ்டரில் அம்மாவின் நம்பரைப் போடாதீர்கள். ‘உங்க பொண்ணு எங்ககிட்டதான் இருக்கு, இருபதாயிரம் ஜிபே பண்ணுங்க’ என்று பேசும் மோசடிக்காரர்களுக்கு அந்த நம்பர்தான் வாசல். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930க்கு அழையுங்கள். போஸ்டரில் காவல் நிலைய நம்பரும் எஃப்ஐஆர் எண்ணும் மட்டும் போதும்.

பகிர்கிறவர்களுக்கும் இதில் ஒரு சோதனை இருக்கிறது. ஸ்டேஷன் நம்பர் இல்லாத ‘காணவில்லை’ போஸ்டரைப் பகிராதீர்கள். தேடுகிறவர்கள் எல்லோரும் அன்பால் தேடுகிறார்கள் என்று சொல்ல முடியாது. அடி தாங்காமலோ, கட்டாயக் கல்யாணத்துக்கு அஞ்சியோ, சாதி மீறிக் காதலித்தோ வெளியேறிய பெண்ணைத் துரத்தும் கைகளிலும் போஸ்டர் இருக்கும். 18 வயது நிரம்பிய பெண் எங்கே, யாரோடு வாழ்வது என்பது அவர் முடிவு என்பதை 2018இல் கேரளத்தின் ஹாதியா வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ஆணவக் கொலை மிரட்டல் உள்ளவர்களுக்குப் பாதுகாப்பு இல்லம் தர வேண்டும் என்று அதே ஆண்டு சக்தி வாஹினி வழக்கில் உத்தரவிட்டது. அப்படிப்பட்ட பெண்ணை எங்காவது பார்த்தால் 112க்கோ 181க்கோ சொல்லுங்கள், குரூப்பில் லொக்கேஷன் போடாதீர்கள்.

திரும்பி வரும் பெண்கள் நிறையப் பேர். தோழி வீட்டில் இருந்துவிட்டு, வேலை தேடிப் போய்விட்டு, பரீட்சையில் தோற்ற பயத்தில் எங்கோ சுற்றிவிட்டு வருகிறார்கள். ‘ஓடிப்போனவ’ என்று ஊர் எழுதி வைத்ததைப் போனில் படித்த பெண்ணுக்கு வீட்டுக்கு வரும் தைரியம் எங்கிருந்து வரும்?

ஆகவே, கிடைத்துவிட்டார் என்று தகவல் வந்ததும் ‘பத்திரமாக இருக்கிறார், படத்தை அழித்துவிடுங்கள்’ என்று ஒரே ஒரு செய்தி போட்டுவிட்டு, உங்கள் போனிலிருந்தும் அந்தப் படத்தை அழியுங்கள். எங்கே போனார், யாரோடு இருந்தார் என்று கேட்காதீர்கள். கேட்பவருக்குப் பதிலும் சொல்லாதீர்கள்.