ஃபாதர், பாஸ்டர் ஆக எத்தனை வருஷம் படிக்கணும்? படிச்சு முடிச்ச பிறகு என்ன?

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பக்கம் ஏதாவது ஒரு சர்ச்சுக்கு ஞாயிற்றுக்கிழமை போனால், சில சமயம் முப்பதைத் தொடாத ஒருவர் பீடத்தில் நிற்பதைப் பார்க்கலாம். ஐ.டி. நண்பர்கள் மூன்றாவது கம்பெனிக்கு மாறும் வயசு அது. இவருக்கோ இதுதான் முதல் வேலை. ஆனால், இந்த இடத்துக்கு வர அவர் எவ்வளவு படித்திருப்பார்?

கத்தோலிக்கத் திருச்சபையில் எப்படி?

திருச்சபைச் சட்டப்படி தத்துவம் 2 ஆண்டுகள், இறையியல் 4 ஆண்டுகள் என்று குறைந்தது 6 ஆண்டுகள் படிக்க வேண்டும். ஆயத்தப் பயிற்சி, கல்லூரிப் பட்டம், களப்பணி எல்லாம் சேர்ந்தால் பத்தாண்டுகளை நெருங்கிவிடும். முதலில் திருத்தொண்டர் ஆவார். குறைந்தது 6 மாதம் கழித்துத்தான் குரு. அதற்கு 25 வயது நிறைந்திருக்க வேண்டும். பூந்தமல்லியில் 1936 முதல் இயங்கும் திரு இருதய குருத்துவக் கல்லூரி இதற்கென்றே இருக்கிறது. அடையாறைத் தாண்டினால் திருவான்மியூரில் இயேசு சபையின் சத்ய நிலயம். அங்கே தத்துவம் படிக்கிறார்கள்.

சி.எஸ்.ஐ.யில்?

1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் உருவான திருச்சபை இது. இங்கே சபையின் பரிந்துரை வேண்டும். பேராயம் தேர்வு செய்ய வேண்டும். பிறகு பி.டி. எனப்படும் இறையியல் பட்டப்படிப்பு, பொதுவாக 4 ஆண்டுகள். கீழ்ப்பாக்கத்தின் குருகுல், மதுரை அரசரடியின் தமிழ்நாடு இறையியல் கல்லூரி போன்ற இடங்களில் படிக்கலாம். பட்டம் தருவது வங்கத்திலுள்ள செராம்பூர். அதற்கு அந்த அதிகாரத்தை 1827-ல் கொடுத்தவர் டென்மார்க் மன்னர்! சி.எஸ்.ஐ. ஆயர்கள் திருமணம் செய்துகொள்ளலாம். 1976 முதல் பெண்களும் ஆயர்களாக அருட்பொழிவு பெறுகிறார்கள்.

தனிச்சபை பாஸ்டர்களுக்கு?

பாஸ்டர் ஆக இன்ன படிப்பு வேண்டும் என்று நாட்டில் சட்டம் எதுவும் இல்லை. சில சபைகள் சொந்தமாக வேதாகமக் கல்லூரி நடத்துகின்றன. சில இடங்களில் மூத்த போதகர் கூடவே இருந்து கற்றுக்கொள்வதுதான் பயிற்சி. சட்டம் குறுக்கே வருவது கல்யாணத்தில். 1872-ம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி, பேராயர் கையால் அருட்பொழிவு பெறாத போதகர்கள் திருமணம் நடத்தி வைக்கப் பொதுவாக அரசு உரிமம் தேவை.

படிப்பு முடிந்தால் போதுமா?

போதாது என்பதற்குத் தமிழ்நாட்டு வரலாறே சாட்சி. தரங்கம்பாடியில் சீகன்பால்க் உள்ளூர் ஊழியர்களுக்கான பயிற்சிப் பள்ளியைத் தொடங்கியது 1716-ல். ஆனால், புராட்டஸ்டண்ட் சபையில் ஒரு தமிழரை முதன்முதலாகக் குருவாக அருட்பொழிவு செய்தது 1733-ல்தான். அவர் கடலூர்க்காரரான ஆரோன். பயிற்சி கொடுப்பது ஒன்று; நம்பிப் பொறுப்பைக் கையில் கொடுப்பது வேறு.

இன்றைக்கும் சிக்கல் அங்கேதான். கிரேக்கமும் எபிரேயமும் வகுப்பில் கற்றுக்கொள்ளலாம். முதல் மாதமே ஒரு குழந்தையின் அடக்கத்தை நடத்த வேண்டியிருந்தால்? கணவன் மனைவி சண்டை நள்ளிரவில் போனில் வந்தால்? சபைக் கணக்கில் இரண்டு கோஷ்டி மோதினால்? எல்லாருடைய கவலையையும் கேட்பவர், தன் கவலையை யாரிடம் சொல்வார்? பேசிப் பழகிய நேரத்தில் இடமாற்றமும் வந்துவிடும்.

பயிற்சி பட்டத்தோடு முடிவதில்லை. முதல் சில ஆண்டுகள் மூத்த குருக்களின் துணை வேண்டும் என்று 2016-ல் வாடிகன் வெளியிட்ட குருத்துவப் பயிற்சி வழிகாட்டியே வலியுறுத்துகிறது. உதவிப் பங்குத்தந்தையாகவோ டீக்கனாகவோ தொடங்கும் முறையின் நோக்கமும் அதுதான். ஆனால் மூத்தவர் அவரை வெறும் எடுபிடியாக நடத்தினால், அந்த நோக்கமே அடிபட்டுப் போகும்.

சபை மக்கள் என்ன செய்யலாம்?

பெரிதாக ஒன்றும் இல்லை. வாரத்தில் ஒரு நாளாவது அவருக்கு உண்மையான லீவு கிடைக்கிறதா என்று கேளுங்கள். 'முன்னாடி இருந்த ஃபாதர் இப்படிச் செய்ய மாட்டாரே' என்ற ஒப்பீட்டைத் தவிருங்கள். கணக்கு, கட்டட வேலை தெரிந்தவர்கள் அந்தச் சுமையில் பங்கெடுங்கள். தப்பு தெரிந்தால் வாட்ஸ்அப் குரூப்பில் போடாமல் நேரில் சொல்லுங்கள். பத்து வருஷம் படித்து வந்தவர் முதல் இரண்டு வருஷத்தில் ஒடிந்துபோகாமல் பார்த்துக்கொள்வது பேராயரின் வேலை மட்டும் இல்லை.