அஞ்சு இஞ்ச் ஆசை!

மனுஷனுக்கு ஐம்பது வயசுக்கு மேல் வரக்கூடாத ஆசைகள் மூன்று. தலைக்குச் சாயம் பூசுவது, சங்கீதம் கற்றுக்கொள்வது, பழைய ஜீப்பை உயரமாக்குவது. முதல் இரண்டில் கஷ்டம் நமக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் மட்டும்தான். மூன்றாவது அப்படியில்லை. ரோட்டில் போகிறவர், வருகிறவர் எல்லோருக்கும் அதில் பங்கு உண்டு!

கும்மிடிப்பூண்டிக்கு மேற்கே, தேர்வாய் கண்டிகை பக்கம் எங்கள் ஊர். அப்பா 1989-ல் வாங்கிய மஹிந்திரா எம்.எம்.540 ஜீப் இன்னும் எங்கள் வாசலில்தான் நிற்கிறது. 2,112 சி.சி. டீசல் இன்ஜின். முன்னால் ஒரு ஆக்ஸில், பின்னால் ஒரு ஆக்ஸில், நாலு மூலையிலும் பட்டை ஸ்பிரிங். அவ்வளவுதான் வண்டி. ஏ.ஸி. கிடையாது, பாட்டு கிடையாது. கதவு இருந்தது, அதையும் அப்பா கழற்றிவிட்டார்.

அந்த நாளில் இங்கே ரோடு என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. மேய்ச்சல் நிலம், புதர்க் காடு, மழை வந்தால் முழங்கால் சேறு. வேர்க்கடலை மூட்டையிலிருந்து பிரசவ வலி கண்ட பெண்கள் வரை எல்லோரையும் அந்த ஜீப்தான் கும்மிடிப்பூண்டிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. 'உயரம் போதலை' என்று ஒருத்தரும் சொன்னதில்லை.

அப்புறம் சிப்காட் வந்தது. மேய்ச்சல் நிலம் போகக்கூடாது என்று 2007-லிருந்து ஊர் ஜனங்கள் போராடிப் பார்த்தார்கள். ஆனாலும் தொழிற்பேட்டை வந்துவிட்டது. மிச்செலின் கம்பெனி லாரி, பஸ் டயர் செய்ய ஃபாக்டரி கட்டியது. 2020 நவம்பரில், சென்னைக்குக் குடிதண்ணீர் தர, கண்ணன்கோட்டை - தேர்வாய் கண்டிகை நீர்த்தேக்கத்தையும் திறந்தார்கள். ரோடெல்லாம் வழவழவென்று ஆகிவிட்டது. சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் எனக்கு ஜீப்பை உயர்த்தும் ஆசை வந்தது. விதி என்று இதைத்தான் சொல்வார்கள்!

ஆசையைக் கிளப்பியவன் என் அக்கா மகன். செல்போனில் ஒரு படத்தைக் காட்டினான். ஆள் உயர டயர், ஆகாயத்தில் ஜீப்.

"மாமா, நம்ம வண்டி தரையோட தவழுது பாரு. இதை அஞ்சு இஞ்ச் தூக்கிட்டா சும்மா சிங்கம் மாதிரி நிக்கும்!"

"செலவு?"

"ஸ்பிரிங்கை மாத்தவே வேணாம் மாமா. இருக்கிற ஸ்பிரிங்கையே இடம் மாத்தி வெச்சா போதும்!"

அவன் சொன்னது நிஜம்தான். எங்கள் ஜீப்பில் பட்டை ஸ்பிரிங் ஆக்ஸிலுக்குக் கீழே இருக்கிறது. யூ போல்ட்டைக் கழற்றி, ஆக்ஸில் குழாயின் தலையில் புதிதாக ஒரு இரும்புத் திண்டு வெல்டிங் வைத்து, ஸ்பிரிங்கை மேலே உட்கார வைத்தால் வண்டி சுமார் 5 அங்குலம் எழும்பிவிடும். உலகம் பூரா ஜீப் பைத்தியங்கள் செய்கிற வேலைதான். ஸ்பிரிங் கீழே இருப்பதற்கும் காரணம் உண்டு. 1940-ல் அமெரிக்க ராணுவம் ஜீப்புக்கு ஆர்டர் கொடுத்தபோது தாழ்வான வண்டிதான் கேட்டது. எதிரி கண்ணில் படக்கூடாது, கவிழவும் கூடாது. எனக்கோ எல்லார் கண்ணிலும் படவேண்டும்!

ஹைவே ஓரம் ஒரு ஷெட்டில் வண்டியை விட்டோம். மூன்றே நாள். கூடவே 31 அங்குல டயர். பழைய 6.00-16 டயர் சுமார் 28 அங்குலம்தான். வண்டி வீட்டுக்கு வந்தபோது தெருவே கூடிவிட்டது. என் மனைவி மட்டும், "இதுல ஏற ஏணியும் தந்தாங்களா?" என்று கேட்டாள். சிரித்தேன். சிரித்திருக்கக்கூடாது.

மறுநாள் அப்பா பாங்குக்குப் போகக் கிளம்பினார். வயது 78. முப்பது வருஷமாக, வலது கையால் விண்ட் ஷீல்டு சட்டத்தைப் பிடித்து, இடது காலைத் தூக்கி வைத்து, ஒரே எம்பில் ஏறுகிற மனுஷன். அன்று காலைத் தூக்கினார். எட்டவில்லை. இன்னொரு தடவை தூக்கினார். பிறகு ஒன்றும் பேசாமல் திண்ணையில் போய் உட்கார்ந்துவிட்டார். நான் ஓடிப்போய் சமையலறை ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டேன். ஆளுக்கு ஒரு கை பிடித்து ஏற்றினோம். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

வண்டியும் தன் வேலையைக் காட்ட ஆரம்பித்தது. முப்பதில் போனால் அடியிலிருந்து 'டுர்ர்ர்' என்று ஓர் அதிர்ச்சி. ஐம்பதைத் தொட்டால் ஸ்டீயரிங்குக்கு ஜன்னி வந்த மாதிரி உதறல். அந்த ஐம்பதும் பொய்! டயர் பெரிதானதால், மீட்டர் 50 காட்டும்போது நிஜத்தில் 55 போகிறது என்பது பின்னால்தான் தெரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நீர்த்தேக்கத்தைப் பார்க்கலாம் என்று அப்பாவை ஸ்டூல் போட்டு ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். பின்னால் மருமகன். கரைப் பக்கம் மண் ரோட்டில் முன் சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. கொஞ்ச தூரத்தில் ஒரு பாட்டி ஆடுகளோடு குறுக்கே வந்தார். பிரேக்கை மிதித்தேன். பெடல் தரைக்குப் போய்விட்டது!

கியரைக் குறைத்தேன், ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன், ஸ்டீயரிங்கை வேலிக்காத்தான் புதருக்குள் திருப்பினேன். வண்டி முள்ளுக்குள் போய் நின்றது. பாட்டிக்கும் ஆட்டுக்கும் எங்களுக்கும் இடையே பத்தடி இருந்திருக்கும். பாட்டி எங்களை வைத வசவை இந்தப் பத்திரிகையில் அச்சிட முடியாது.

நான் நடுங்கிக்கொண்டிருந்தேன். அப்பா நிதானமாகத் திரும்பி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"இறங்கறதுக்கு ஸ்டூல் கொண்டாந்தியா?"

கொண்டுவரவில்லை. மருமகன்தான் அவரைக் குழந்தை மாதிரித் தூக்கி இறக்கினான்.

வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு, லாரிகளுக்குப் பட்டை அடிக்கும் ஒரு பெரியவரின் பட்டறைக்குப் போனோம். வயது எழுபதுக்கு மேல். கீழே படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார்.

"யார் செஞ்சது தம்பி?"

"ஒரு ஷெட்ல..."

"ஜீப்பைத் தூக்கினாங்க சரி. ஜீப்போட கட்டியிருக்கிற மத்ததையெல்லாம் யார் தூக்குறது?"

பிறகு அரை மணி நேரம் எனக்குப் பாடம் நடந்தது. புரிந்தவரை சொல்கிறேன்.

முதலில் பிரேக். சேஸிஸிலிருந்து ஆக்ஸிலுக்குப் போகும் ரப்பர் ஹோஸ், பழைய உயரத்துக்கு அளந்து வைத்தது. வண்டி ஐந்து அங்குலம் ஏறினால் ஹோஸ் நீளாது. சக்கரம் பள்ளத்தில் தொங்கியதும் அது இழுபட்டுப் பிய்ந்துவிட்டது.

அடுத்து ஸ்டீயரிங். சைக்கிளில் முன் கவை பின்பக்கமாகச் சாய்ந்திருக்கிறது இல்லையா? அதனால்தான் கையை விட்டாலும் சைக்கிள் நேராகப் போகிறது. ஜீப்பின் முன் ஆக்ஸிலிலும் அதே மாதிரி சில டிகிரி சாய்வு உண்டு. புதுத் திண்டை வெல்டிங் வைக்கும்போது கோணம் பார்க்காமல் வைத்தால் அந்தச் சாய்வு போய்விடும், சக்கரம் உதறும். போதாததற்கு, ஸ்டீயரிங் பாக்ஸிலிருந்து வரும் ராடும் செங்குத்தாகிவிடுகிறது. பள்ளத்தில் ஸ்பிரிங் அமுங்கும் ஒவ்வொரு தடவையும், நாம் திருப்பாமலே சக்கரம் திரும்பும்.

மூன்றாவது புரொபெல்லர் ஷாஃப்ட். இரண்டு முனையிலும் உள்ள கிராஸ்கள் ஒரே கோணத்தில் இருந்தால்தான் ஒன்றின் துள்ளலை இன்னொன்று சமன் செய்யும். கட்டை வண்டியில் ஷாஃப்ட்டும் கட்டை. அஞ்சு அங்குலம் தூக்கினால் சாய்வு ஏகத்துக்கு ஏறிவிடும். 'டுர்ர்ர்' சத்தம் அதுதான். ஸ்பிரிங் ஆக்ஸிலின் தலைக்கு மேல் போனதால், இன்ஜின் இழுக்கும்போது பட்டையே பாம்பு மாதிரி முறுக்கிக்கொள்கிறதாம்.

"இவ்வளவு கஷ்டப்பட்டு என்ன லாபம் தெரியுமா?" என்று கேட்டார் பெரியவர். "கல்லுல இடிக்கிறது எது? ஆக்ஸில் நடுவுல இருக்கிற டிஃபரென்ஷியல். அது ஸ்பிரிங்கைத் தூக்கினா ஏறாது. டயர் ஏத்தினாதான் ஏறும். உன் டயர் மூணு இஞ்ச் பெருசு. அதுல பாதி, ஒன்றரை இஞ்ச்தான் உனக்கு லாபம். மீதியெல்லாம் சும்மா பார்வைக்கு!"

இதைக் கேட்டபோது மருமகன் ரொம்ப அக்கறையாகப் பட்டறைக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கடைசியாக அவர் சேஸிஸைக் காட்டினார். பம்பர் மாட்டுவதற்காக ஷெட்டில் சட்டத்தின் கீழ் விளிம்பிலேயே ஓட்டை போட்டிருந்தார்கள். ஒரு பழைய விரிசலை மேலிருந்து கீழாக நேர்க்கோட்டில் வெல்டிங் இழுத்து மூடியிருந்தார்கள்.

"ஒரு பலகையை வளைச்சுப் பாரு. மேல் விளிம்பும் கீழ் விளிம்பும்தான் வேதனைப்படும். நடுப்பாகம் சும்மா வேடிக்கை பார்க்கும். ஓட்டை போடணும்னா நடுவுல போடு, விளிம்புல கை வைக்காதே. ஒட்டுப் பிளேட்டை டைமண்ட் மாதிரி வெட்டி வைக்கணும். அப்பதான் பாரம் ஒரே கோட்டுல வந்து நிக்காது. நேரா இழுத்த வெல்டிங், கிழிய வேண்டிய இடத்துக்குப் பென்சில்ல கோடு போட்டுக் கொடுத்த மாதிரி."

அங்கே இன்னொரு வாடிக்கையாளர் இருந்தார். ஆர்.டி.ஓ. ஆபீஸ் விவகாரங்களில் ஊறியவர். "ஸார், பிரேக் இன்ஸ்பெக்டர் கண்ணுல பட்டுதா?" என்று ஆரம்பித்தார். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, ஆர்.சி. புக்கில் இருப்பது கம்பெனி கொடுத்த ஒரிஜினல் விவரத்துக்கு மாறிப்போகும்படி வண்டியை மாற்றக்கூடாது. கேரளாவிலிருந்து போன வழக்கில் 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதையே அழுத்திச் சொல்லிவிட்டது. அதே வருஷம் வந்த சட்டத் திருத்தத்தில் தண்டனை ஆறு மாதம் வரை ஜெயில், அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்! மருமகன் நாங்கள் செய்த மாற்றங்களை விரல் விட்டு எண்ணினான். ஒரு கை போதவில்லை.

"பதினஞ்சு வருஷம் தாண்டின வண்டி. அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை ஆர்.சி. புதுப்பிக்கக் கொண்டு போவீங்களே, அப்ப என்ன சொல்வீங்க? விபத்துன்னா இன்ஷூரன்ஸ்காரன் என்ன சொல்வான்?" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. நாக்கு மேலே ஒட்டிக்கொண்டிருந்தது.

பெரியவரிடமே வண்டியை ஒப்படைத்தேன். "பழையபடி ஆக்கிடுங்க."

மூன்று வாரம் ஆயிற்று. புதுத் திண்டுகளை அறுத்து எடுத்து, ஆக்ஸில் குழாய் வெல்டிங் சூட்டில் கோணியிருக்கிறதா என்று சரிபார்த்தார். ஸ்பிரிங் கீழே போனது. ஆனால் அப்படியே போகவில்லை. முப்பது வருஷ பாரத்தில் சப்பையாகியிருந்த பட்டைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, உடைந்ததை மாற்றி, மீதியை உலையில் காய்ச்சி அடித்து, பழைய வளைவைக் கொண்டுவந்தார். புது புஷ், புது ஷாக்கிள் பின், புது ஷாக் அப்சார்பர், நாலு பிரேக் ஹோஸ், கிங் பின் பேரிங். சேஸிஸில் தப்பான வெல்டிங்கைக் கடைந்தெடுத்து, டைமண்ட் பிளேட் வைத்தார். சேஸிஸ் நம்பர் அடித்திருந்த இடத்தின் பக்கம் கிரைண்டரையே கொண்டுபோகவில்லை. "அது வண்டியோட ஜாதகம் தம்பி. அதை அழிச்சா வண்டி அநாதை."

பழைய அளவு டயரை மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, டேப் வைத்து அளந்தார். நாங்கள் கை வைப்பதற்கு முன் இருந்ததைவிட ஒன்றேகால் அங்குலம் உயரம்!

"எப்படிங்க?" என்றேன்.

"கம்பெனி குடுத்த உயரம் இதுதான். வருஷக்கணக்கா கொஞ்சம் கொஞ்சமா இறங்கிப்போச்சு. நீ கவனிக்கலை. மருமகன் 'தவழுது'ன்னு சொன்னது நிஜம்தான். வைத்தியம்தான் தப்பு."

உயர்த்தவே கூடாது என்று நான் சொல்லவில்லை. சொந்த நிலத்தில், போட்டி மைதானத்தில் ஓட்டுகிறவர்கள் ஹோஸ், சாய்வு, ஷாஃப்ட், ஸ்டீயரிங் என்று ஒன்று விடாமல் கூடவே மாற்றி நன்றாகத்தான் ஓட்டுகிறார்கள். மஹிந்திராவே 2010-ல் தார் ஜீப்பைக் கொண்டுவந்தபோது முன்பக்கத்துக்கு வேறு சஸ்பென்ஷன் வைத்தது. 2020-ல் வந்த புதுத் தாரில் பின்பக்கமும் பட்டை போய்ச் சுருள் ஸ்பிரிங் வந்துவிட்டது. ஆனால் அதற்கெல்லாம் எத்தனை எஞ்சினீயர்கள், எத்தனை மாதச் சோதனை! நாங்கள் செய்த சோதனை ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு பாட்டி, எட்டு ஆடு.

வண்டி வீடு வந்த அன்று அப்பா திண்ணையிலிருந்து இறங்கி வந்தார். சுற்றிப் பார்த்தார். வலது கையால் சட்டத்தைப் பிடித்தார். இடது காலை வைத்தார். ஒரே எம்பு! உட்கார்ந்துவிட்டார்.

"கிளம்புடா. பாங்கு மூடிடப் போறான்."

ஸ்டூல் மறுபடி சமையலறைக்குப் போய்விட்டது. அந்த 31 அங்குல டயர்களில் ஒன்று மட்டும் மாட்டுத் தொழுவத்தில் கிடக்கிறது. எங்கள் வீட்டுக் கோழி அதற்குள்தான் அடைகாக்கிறது. அந்தச் செலவில் லாபம் பார்த்த ஒரே ஜீவன்!